கியர் லீவருக்குப் போட்ட பாலிதீன்

சேகர்,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. அதை ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் போனில் விசாரித்துவிட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாய். ஓசூரில் குளிர் என்றாய். போனை வைப்பதற்கு முன் "ஸாரிம்மா" என்றாய். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. லைன் இரைந்ததற்காக இருக்கலாம்.

உன் அப்பா அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் கல்யாணச் சாமான் பட்டியல் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். இந்த வீட்டுக்கு வரும் கடிதத்தையும் இங்கிருந்து போகும் கடிதத்தையும் அவர் படிக்காமல் விட்டதில்லை. முப்பது வருடம் தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில் இருந்த பழக்கம். அவருக்குத் தெரிய வேண்டாம் என்றால், நான் நன்றாக ஒட்டி, கம்பெனி வாசல் பெட்டியில் போட்டுவிடுவேன். உனக்கு எழுதிய பல கடிதங்கள் அப்படி வந்தவைதான். அவற்றிலும் நான் இதை எழுதவில்லை.

போன வாரம் முகூர்த்தப் புடவை எடுக்கக் குரோம்பேட்டை போயிருந்தோம். பெண் வீட்டார் ஒரு பக்கம் புடவையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்க, சுமதி என்னைத் தனியாக அழைத்துப் போனாள். இன்னும் மூன்று வாரத்தில் உன் மனைவியாகப் போகிறவள். நேராகப் பார்த்துப் பேசுகிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"கரன்ட் போனாக்கூட அவர் ஸாரி சொல்றாரு. நிச்சயத்தன்னிக்கு எங்க சித்தப்பா காபிய அவரே மேல கொட்டிக்கிட்டாரு. இவர் எழுந்து போய் ஸாரி சொல்றாரு. ஏன் ஆன்ட்டி?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன்.

"கையத் தொடச்சிக்கிட்டே இருக்காரு. தட்டு வாங்கறதுக்குள்ள மூணு தடவை. எங்க அக்கா எண்ணிச் சிரிக்கறா."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு பச்சைப் புடவையைக் கையில் எடுத்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்தே நீ அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு நீ அப்படி ஆனாய். அப்போது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆக்கியவளும் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும். தெரிந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் அது என் வாயிலிருந்து வந்ததில்லை.

நீ பிறப்பதற்கு முன்பே கிண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். அளவுக்கருவி செய்யும் இடம். முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றிய எஃகுக் கட்டைகள், அவற்றைச் சரிபார்க்கும் மேஜையில் எனக்கு இடம். ஏ.சி. அறை. பெண்களில் கெட்டிக்காரிகளுக்குத்தான் அந்த மேஜை என்று பேச்சு. சில வருடம் கழித்து, அனுப்பிய கட்டைகள் பழுப்புப் புள்ளியோடு திரும்பி வர ஆரம்பித்தன. சூப்பர்வைசர் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பதினோரு பேரையும் நிற்கவைத்து, ஆளுக்கொரு மெருகுத் தகட்டைக் கொடுத்து, உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். பெயர்ச்சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை திறந்தபோது பத்துத் தகடுகள் வெறுமனே இருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் முழுதாக. ரேகை ரேகையாகத் துரு. சிலருடைய வேர்வை அப்படி. நோய் இல்லை, குற்றம் இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். மறுநாள் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

பக்கத்து மேஜை செல்வி சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள். "இன்னாக்கா, இரும்பையே கட்ச்சி வச்சிகீற! உங்க வூட்ல சாம்பாருக்கு உப்பே வாணாம். கைய வுட்டுக் கலக்குனா போதும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும். அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பேக்கிங்கில் நான் கெட்டிக்காரி ஆனேன். வேறு வழியில்லை. எண்ணெய்க் காகிதம், அதன் மேல் பாலிதீன், ஓரத்தைச் சூடு வைத்து ஒட்டுவது. என் கை பட்டதால் துருப்பிடித்தது என்று சொன்னவர்களுக்கு, என் கை கட்டியது கடல் தாண்டியும் துருப்பிடிக்காது என்று காட்டினேன். புதிதாக வரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். முதல் பாடம் ஒன்றே ஒன்று. ஈரத்தோடு எதையும் மூடாதே. சூடான பெட்டியில் வைத்து உலர்த்திவிட்டு மூடு. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

நம் வீட்டிலும் எல்லாவற்றையும் மூடினேன். உனக்கு ஞாபகம் இருக்கும். ரேடியோவுக்கு, சுவர்க் கடிகாரத்துக்கு, டிவி வந்தபோது டிவிக்கு. ஃபிரிட்ஜின் கைப்பிடியில் கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் ஏழு வருடம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் உன் பரீட்சைத் தாள் நனைந்து கிழிந்தது என்று மிஸ் கூப்பிட்டுக் கேட்டபோது, "என் கை அவனுக்கு" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். அன்று மாலை உன் சட்டைப் பையில் ஒரு கைக்குட்டையை வைத்தேன்.

பிறகு சைக்கிள். பல்லாவரத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போன பத்து கியர் சைக்கிள். வளைந்த ஹேண்டில். ஹேண்டிலின் கழுத்தில் இரண்டு சின்ன லீவர்கள், பட்டாணிக்காயைப் போல. வலது கையால் தள்ளினால் பின்சக்கரத்தில் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நீ காட்டிய அன்று நான் பத்து முறை தள்ளிப் பார்த்தேன். விடிவதற்கு முன் அஸ்தினாபுரத்திலிருந்து கிளம்பி ஊரப்பாக்கம் தாண்டிப் போய், பால்காரர் வருவதற்குள் திரும்பிவிடுவாய். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும். குனிந்து மிதிக்கும்போது உன் முகம் சரியாக அந்த லீவர்களுக்கு மேலே. மூக்கிலிருந்தும் தாடையிலிருந்தும் சொட்டுவதெல்லாம் அங்கேதான் சொட்டும். ஒரு மாதத்தில் பளபளப்பின் மேல் வெள்ளைப் பொட்டுகள் வந்தன. நான் பார்த்தேன். எனக்கு அந்தப் பொட்டு தெரியும். அது எப்போது பழுப்பாகும் என்றும் தெரியும்.

அப்போது உனக்குப் பதினெட்டு. விளையாட்டுக் கோட்டாவில் ஒரு மத்திய அரசு வேலை. சைக்கிள் பந்தயத்தில் நான்கு பேரை எடுப்பார்கள். பயிற்சியில் நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். உன் அப்பா அந்த வேலையைப் பற்றிக் கிடைத்துவிட்டது போலவே பேச ஆரம்பித்திருந்தார். பந்தயத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது கம்பெனியிலிருந்து கெட்டிப் பாலிதீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். லீவர்களின் அடியில் எண்ணெய்க் காகிதம் சுற்றி, மேலே பாலிதீன், நுனி மட்டும் வெளியே வரும்படி கீறல், ஓரமெல்லாம் டேப். உன் அப்பா தட்டிப் பார்த்தார். "பாத்தியாடா, எக்ஸ்போர்ட் பேக்கிங்!" என்றார். அவர் என் வேலையை ஒருமுறைதான் பாராட்டியிருக்கிறார். அது இதற்கு.

மூன்று வாரம் கழித்து நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய். 

"அம்மா, உள்ள தண்ணி நிக்குதும்மா. கீறல் வழியா வேர்வை எறங்குது. கழட்டிடவா? காத்து படணும்னு பாய் சொன்னாரு."

பாய் தாம்பரம் மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். உன் சைக்கிளுக்கு எல்லாம் அவர்தான்.

"பாய் சைக்கிள் கடைக்காரர். நான் பன்னெண்டு வருஷமா பேக்கிங்ல இருக்கேன்."

"லீவர் கரகரங்குதும்மா."

"வேர்வை என் வேர்வைடா. எனக்குத் தெரியாதா? அதுல கை வைக்காத."

நீ கை வைக்கவில்லை. நான் வேலைக்குப் போன பிறகு கழற்றியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது. பதினெட்டு வயதில் ஒருவன் அம்மா சொன்னதை அப்படியே கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே நீர்த்துளிகள் கோத்து நின்றதை நானும் பார்த்தேன். ஒரு நாள் வெளிப்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். துளிகள் உள்ளே இருந்தன. வெளியே துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன். போய், புதிதாக வந்த ஒருத்திக்கு முதல் பாடத்தைச் சொன்னேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை காலையில். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வருகையில் நீ மூன்றாவதாக இருந்தாய். வண்டலூருக்கு முந்தைய ஏற்றத்தில் லீவரைத் தள்ளினாய். நகரவில்லை. மறுபடி தள்ளினாய். லீவரின் அடியிலேயே கேபிள் அறுந்தது. செயின் ஆகச் சின்னப் பல்சக்கரத்தில் போய் விழுந்தது. ஏற்றத்தில் அது எவ்வளவு கனம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எழுந்து நின்று மிதித்திருக்கிறாய். ஒவ்வொருவராகத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஏழாவது. இதை நீ என்னிடம் சொன்னதில்லை. பாயிடம் சொல்லியிருக்கிறாய். பாய் சொல்லித் தெரியும்.

நீ சைக்கிளில் முதலில் வீடு வந்தாய். முடிவுக் கோட்டில் நின்ற உன் அப்பா பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். "கேபிள் போச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். டேப்பை வெட்டியதும் பழுப்புத் தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. எண்ணெய்க் காகிதம் கூழாகியிருந்தது. லீவரின் அடிப்பாகம் முழுக்கத் துரு. அந்த நிறம் எனக்குத் தெரியும். பெயர்ச்சீட்டு மட்டும்தான் ஒட்டவில்லை. பாலிதீனையும் காகிதத்தையும் சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

உன் அப்பா செருப்பைக் கழற்றாமல் சைக்கிளிடம் போனார். நீ தலை துவட்டிக்கொண்டு வந்தாய்.

"எப்படிடா துருப் புடிச்சுது? கவர் எங்க?"

நீ சைக்கிளைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அப்போதுதான் நான் சொன்னேன்.

"அவன்தான் கழட்டிப் போட்டுட்டான். காத்து படணுமாம். தொடைடா தொடைடான்னு தினம் சொன்னேன். கேட்டாத்தானே."

துண்டு உன் தலை மேலேயே நின்றது. அடுப்பில் பாலிதீன் எரியும் வாசனை அந்த வாசல் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. உனக்கு வந்ததா? வந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் வருகிறது.

"ஆமாப்பா" என்றாய். "என் தப்புதான்."

அதுதான் முதல் தடவை.

"வேர்வை தொடைக்க வக்கில்லை, இவனுக்கு ரேஸ் ஒரு கேடு" என்றார் உன் அப்பா. அதோடு நிற்கவில்லை. உனக்குப் பெயர் வைத்தார். துரு. டேய் துரு, தண்ணி கொண்டா. துரு, கேட்டைப் பூட்டினியா? உறவுக்காரர்கள் வந்தால் காரணத்தோடு விளக்குவார். "அவங்கம்மா பொத்திப் பொத்திக் குடுத்ததைக் கழட்டி எறிஞ்சவன் இவன்." நான் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருப்பேன். நீ சிரிப்பாய். செல்வி பேசியபோது நான் சிரித்த அதே சிரிப்பு. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அறுந்த கேபிளையும் லீவரையும் கழற்றி, டிபன் பாக்ஸோடு பையில் போட்டுக்கொண்டு பாயிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வேர்வைய புட்ச்சி ஊறுகா போட்டு வச்சிகீற? தொறந்து வுட்ருந்தா பத்து வருசம் ஓடும் இது. தம்பி சொல்லலியா? நனைஞ்ச துணியால உப்ப தொடை, காஞ்ச துணியால ஈரத்த தொடை, ஒரு சொட்டு மிஷின் ஆயில் வுடு, காத்தாட நிறுத்து. நாலே வேலை. படிச்சிப் படிச்சி சொன்னனே."

"சொன்னான் பாய்."

"அப்பறம்?"

"நான்தான் விடலை."

பாய் லீவரைக் கீழே வைத்தார். ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி வுடும்மா. புள்ளைகிட்ட சொல்லிடு. பேஜாராயி சுத்திகினு கீறான்."

தலையாட்டினேன். ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஊரில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போனதில்லை. காய்கறிக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கேட்கமாட்டாய், அதுதான் உன்னிடம் உள்ள கஷ்டம். உன் அப்பாவுக்குப் பயந்து என்று சொன்னால் நீ நம்புவாய். அது பொய். அவர் கத்தியிருப்பார், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். எனக்கு ஒரு மேஜை போய்விட்டது. இரண்டாவது மேஜையும் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு வேலைக்கும் லாயக்கில்லாத கை என்று யாராவது சொல்வதற்கு முன், அதை உன் கையாக ஆக்கிவிட்டேன். 

இன்னொன்று. பொய் சொன்னதைவிட இதுதான் மோசம். நீ "ஆமாப்பா" என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன். எழுந்து உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஒரு ஸ்பூன் கூட. நீ "தேங்க்ஸ்ம்மா" என்றாய்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நியாயமில்லாத கோபம்தான். ஏன் ஆமாம் என்றாய்? என்னைப் பார்த்து "பொய் சொல்லாதம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அந்த வாசலிலேயே முடிந்திருக்கும். நீ என்னைக் காப்பாற்றினாய் என்று நினைத்திருப்பாய். நீயும் மூடித்தான் வைத்தாய். உள்ளே என்ன ஆயிற்று என்று இத்தனை வருடம் நாம் இருவரும் பார்க்கவில்லை. சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டு, கிடைத்த வேலைக்கு ஓசூர் போனாய். அங்கே டைம் ஆபீசில் உட்கார்ந்து, பிறர் தாமதமாக வந்ததற்கு நீ ஸாரி சொல்கிறாயோ என்னவோ.

கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் சுமதி கேட்டுவிட்டாள், அவளுக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், அதனால் சொல்கிறேன். உன் தப்பு இல்லாததை உன் தப்பு என்று சொல்லாதே. அது நல்ல குணம் இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பொய்க்காரராக வாழ விடுகிறது. நான் வாழ்ந்தேன். சுமதி ஒன்றைச் சரி என்று சாதித்து, அது சரியில்லை என்று உனக்குத் தெரிந்தால், அவள் முகம் சுருங்கினாலும் சொல்லு. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவனுக்கும் கை வேர்த்து, சைக்கிள் கேட்டால் வாங்கிக் கொடு. பாய் சொன்ன நாலு வேலையையும் சொல்லிக்கொடு. நனைந்த துணி, காய்ந்த துணி, ஒரு சொட்டு எண்ணெய், காற்று. இதை உவமையாக எடுத்துக்கொள்ளாதே. நான் சைக்கிளைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கல்யாணம் நடக்கும் குன்றத்தூர்க் கோயிலில், மலை மேல், அப்போது புழுங்கும். படி ஏறியே நனைந்துவிடுவாய். அவள் கையைப் பிடிக்கச் சொல்வார்கள். துடைக்காமல் பிடி. அந்தக் கைக்குட்டையை நான்தான் கொடுத்தேன், நானே திரும்பக் கேட்கிறேன். இந்த வேர்வை எஃகைத்தான் அரிக்கும். எனக்கு அதற்குத் தகட்டு அத்தாட்சி இருக்கிறது. மனுஷத் தோலை இது ஒன்றும் செய்ததில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதாதே. நீ எழுதிவிடுவாய். உனக்கு அது சுலபம். அதனால் எனக்கு அது வேண்டாம். கோபமாக ஏதாவது எழுத முடிந்தால் எழுது. நாலு வரி போதும்.

லீவர் என் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வரும்போது எடுத்துப் பார். துருவை நான் சுரண்டவே இல்லை.

உன் அப்பா பேப்பரை மடித்துவிட்டார். வெயில் தாழ்ந்ததும் கடைத்தெருவுக்குப் போவார். தபால் பெட்டி அந்த வழியில்தான். இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். பசை பக்கத்திலேயே இருக்கிறது. நான் ஒட்டவில்லை.

அம்மா